டாக்டருக்கு மாட்டின் முகத்தைக் காட்டாதீர்கள்

போன கார்த்திகையில் ஒரு ராத்திரி, எட்டரை மணி இருக்கும், என் சித்தி வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினார். அவருக்குச் செங்கம் பக்கத்தில் ஒரு கிராமம். கலப்பின ஜெர்சி மாடு, மூன்றாவது ஈத்து, கன்று போட்டு ஒன்றரை நாள் ஆகியிருந்தது. வீடியோ மொத்தமே ஒன்பது விநாடி. அதில் முழுக்க மாட்டின் முகம்தான். பின்னால் சித்தியின் குரல்: “எந்திரிக்கவே மாட்டேங்குதுப்பா, பாரேன்.”

எனக்குத் தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவருக்கு அதை அப்படியே தள்ளிவிட்டேன். அவர் அந்த நேரத்தில் முப்பது கிலோமீட்டர் தள்ளி வேறொரு மாட்டுக்குக் கன்று எடுத்துக்கொண்டிருந்தார். பத்து நிமிஷம் கழித்து ஒரு குரல்பதிவு வந்தது: “மூஞ்சியப் பாத்து நான் என்ன ஜோசியமா சொல்றது? அம்மாவ வீடியோ கால்ல வரச் சொல்லுங்க.”

நானும் அந்த அழைப்பில் இருந்தேன். அவர் கேட்ட கேள்விகள் இவை.

“அம்மா, காதத் தொட்டுப் பாருங்க. சூடா இருக்கா, சில்லுனு இருக்கா?”

“சில்லுனுதாங்க இருக்குது சார்.”

“கழுத்த எப்படி வச்சிருக்கு?”

“வயித்துப் பக்கமா மடக்கிப் போட்டுக்கிட்டிருக்குதுங்க.”

“காலையிலேர்ந்து சாணி போட்டுச்சா?”

“இல்லைங்க சார்.”

“வாயில எதுனா ஊத்துனீங்களா?”

“இனிமேத்தான் கஞ்சி ஊத்தலாம்னு கரைச்சு வச்சிருக்கேன்.”

“அத அப்படியே கீழ வச்சிருங்க. ஒரு சொட்டு ஊத்தக் கூடாது.”

அவர் சந்தேகப்பட்டது பால் காய்ச்சல். பெயரில்தான் காய்ச்சல் இருக்கிறது, உடம்பு சுடாது, சில்லிட்டுப் போகும். கன்று போட்ட கையோடு பால் சுரக்க ஆரம்பிக்கும்போது ரத்தத்தில் இருக்கும் கால்சியம் மடிக்கு இறங்கிவிடும். தசைகள் வேலை செய்ய கால்சியம் வேண்டும். அது போதாமல் போனால் கால் நிற்காது, குடல் நகராது, தொண்டையும் சரியாக விழுங்காது. அந்த நேரத்தில் பாசத்தோடு ஊற்றுகிற கஞ்சி நேராக நுரையீரலுக்குப் போகும். கன்று போட்ட மூன்று நாளுக்குள், அதுவும் நிறைய பால் கறக்கிற, இரண்டு மூன்று ஈத்து கண்ட மாட்டுக்குத்தான் இது பெரும்பாலும் வரும். ஆக, சித்தி சொன்ன நாலு பதிலிலேயே பாதிப் படம் கிடைத்துவிட்டது.

மாடு ஒருக்களித்துச் சாய்ந்துவிட்டால் வயிறு உப்பும், அதனால் இரண்டு பக்கமும் வைக்கோல் மூட்டையை முட்டுக்கொடுத்து நெஞ்சு தரையில் பதிய உட்காரவைக்கச் சொன்னார். மூச்சை எண்ணச் சொன்னார். சித்தி எண்ணினார். குறித்துக்கொள்ள காகிதம் எதுவும் பக்கத்தில் இல்லை, அடுப்புக் கரித்துண்டால் தொழுவத்துச் சுவரிலேயே கன்று போட்ட நேரம், மூச்சு எண்ணிக்கை எல்லாவற்றையும் எழுதிவைத்தார். டாக்டர் பதினொரு மணிக்கு வந்து சேர்ந்தார்.

தொலைநிலை கால்நடை மருத்துவம் என்று கனமான பெயர் வைத்திருப்பதன் சாரம் இந்த ராத்திரியிலேயே இருக்கிறது. போன் வழியாக டாக்டரின் கண்ணும் காதும் தொழுவத்துக்கு வந்துவிடும். கை வராது. அந்தக் கை நம்முடையதாக இருக்க வேண்டும்.

பெயர் ஒன்றாக இருந்தாலும் இதற்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து வேலைகள் இருக்கின்றன. “குட்டிக்கு எப்போது குடற்புழு நீக்கம் செய்ய வேண்டும்” என்று கேட்டுத் தெரிந்துகொள்வது வெறும் ஆலோசனை. “இது இப்போதே பார்க்க வேண்டியதா, காலை வரை பொறுக்கலாமா” என்று தரம் பிரிப்பது இரண்டாவது. சித்திக்கு நடந்தது இதுதான். நோய் இன்னது என்று முடிவு செய்து மருந்து எழுதுவது மூன்றாவது. சிக்கலும் சட்டமும் வந்து நிற்கிற இடம் அதுதான். ஒரு டாக்டர் இன்னொரு நிபுணரிடம் கேட்பது நாலாவது. சின்ன ஊரில் நாய்க்கு எடுத்த டிஜிட்டல் எக்ஸ்ரே நகரத்தில் இருக்கும் நிபுணரின் கணினிக்குப் போகும், பதில் அன்றைக்கே வந்துவிடும். வீட்டுக்காரருக்கு இது கண்ணிலேயே படாது, ஆனால் என் கணக்கில் இந்தத் துறையில் பிரச்சினை குறைவாகவும் பலன் அதிகமாகவும் இருப்பது இதில்தான். ஏனென்றால் இரண்டு முனையிலும் படித்தவர்கள், ஒரு முனையில் நோயாளியைத் தொட்டுப் பார்த்த கை. கடைசியாக, மாட்டின் கழுத்தில் கட்டும் கருவிகள் மாதிரியான கண்காணிப்பு. அதற்கு அப்புறம் வருகிறேன்.

இதெல்லாம் ஏன் வேண்டியிருக்கிறது? 2019 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கால்நடைகள் 53 கோடிக்கு மேல். தமிழ்நாட்டில் மாடுகள் மட்டும் 95 லட்சம் அளவுக்கு. ஒவ்வொரு தொழுவத்துக்கும் நினைத்த நேரத்தில் டாக்டர் வர முடியாது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. ஒன்றிய அரசின் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டித் திட்டத்திலேயே ஒரு லட்சம் கால்நடைக்கு ஒரு வண்டி என்பதுதான் கணக்கு. வண்டியில் ஒரு டாக்டர், ஒரு உதவியாளர், ஒரு ஓட்டுநர். இந்த வண்டியைக் கூப்பிட 1962 என்ற எண்ணை அழைக்க வேண்டும். வருஷம் இல்லை, போன் நம்பர்தான், கட்டணம் கிடையாது. 108 தெரிந்த அளவுக்கு இந்த நம்பர் நம் ஊர்களில் தெரியவில்லை என்பது என் குறை.

சரி, நேரில் பார்ப்பதற்கு ஈடாகாது, வேறு வழியில்லாததால் போன் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். சில இடங்களில் அது தலைகீழ். வலிப்பு வரும் நாயை எடுத்துக்கொள்ளுங்கள். வலிப்பு இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது நாய் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும். “கீழே விழுந்து உதைத்துக்கொண்டது சார்” என்று நாம் சொல்வதை வைத்து அது வலிப்பா, மயக்கமா, இதயக் கோளாறா என்று டாக்டர் ஊகிக்க வேண்டும். யாராவது ஒருவர் பதறாமல் அந்த இரண்டு நிமிஷத்தைப் படம் பிடித்திருந்தால் அதற்கு ஈடு இல்லை. சின்ன நாய்களுக்கு வரும் தலைகீழ்த் தும்மலும் அப்படித்தான். காற்றை மூக்கால் சர் சர்ரென்று உள்ளே இழுக்கும், கழுத்தை நீட்டும், தொண்டையில் எலும்பு மாட்டிக்கொண்ட மாதிரியே தோன்றும். பார்க்கிறவருக்கு உயிர் போய்விடும். பெரும்பாலும் தானாக அடங்குகிற சங்கதி. ஒரு வீடியோ பார்த்தால் டாக்டர் ஒரு நொடியில் சொல்லிவிடுவார்.

பூனைகளுக்கு இன்னொரு லாபம். கூடையில் போட்டு, ஆட்டோவில் ஏற்றி, நாய்கள் குரைக்கும் கூடத்தில் காக்கவைத்து மேஜையில் தூக்கிவைத்தால் பூனையின் இதயத் துடிப்பு, மூச்சு, சூடு எல்லாமே பயத்தில் ஏறியிருக்கும். வீட்டில் சோபா மேல் தூங்கும்போது எடுத்த வீடியோவில் தெரிகிற மூச்சுதான் உண்மையான மூச்சு. தூங்கும் நாயோ பூனையோ நிமிஷத்துக்கு 30 தடவைக்கு மேல் மூச்சு விடுகிறது என்றால், அதுவும் இதய நோய் உள்ளது என்றால், உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம். நொண்டும் மாட்டையும் அதன் வழக்கமான பாதையில் நடக்கவிட்டுப் பக்கவாட்டில் எடுத்த வீடியோ அருமையாக உதவும்.

போன் கையைத் தடுத்து உயிர் காக்கும் சந்தர்ப்பமும் உண்டு. எச்சில் ஒழுக, விழுங்க முடியாமல் மாடு நின்றால் தொண்டையில் மாங்கொட்டை சிக்கிவிட்டது என்று நினைத்து வாய்க்குள் கையை விடுவது நம் ஊரில் சகஜம். வெறிநோய் வந்த மாடும் இதே போலத்தான் நிற்கும். அந்த எச்சில் கையில் கீறல் வழியாக உள்ளே போனால் கதை வேறு. திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் ரத்தம் கசிகிற மாடு அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயால் செத்திருக்கலாம். அதை அறுக்கக் கூடாது, தோலை உரிக்கக் கூடாது. திறந்தால் அந்தக் கிருமி காற்றுப் பட்டு விதை மாதிரி ஓடு கட்டிக்கொண்டு மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும். தள்ளி நின்று எடுத்த ஒரு போட்டோவும் “தொடாதீங்க” என்ற ஒரு வார்த்தையும் இங்கே போதும். அப்புறம் டாக்டர் வருவார்.

போனால் ஆகவே ஆகாதவையும் இருக்கின்றன. சித்தியின் மாட்டுக்குக் கால்சியத்தை நரம்பில் ஏற்ற வேண்டியிருந்தது. வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். அதனால் டாக்டர் ஒரு கையில் பாட்டிலைப் பிடித்தபடி, ஸ்டெதாஸ்கோப்பை மாட்டிக்கொண்டு துடிப்பைக் கேட்டுக் கேட்டு இறக்கினார். கன்று குறுக்கே திரும்பிக் கிடந்தால் கைவிட்டுத்தான் திருப்ப முடியும். சினை பார்ப்பது, தையல், ரத்தப் பரிசோதனை, தடுப்பூசி, இவற்றுக்கெல்லாம் ஆள் வர வேண்டும். ஆண் பூனை மண்தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து முக்குகிறது, ஒரு சொட்டும் வரவில்லை என்றால் பலரும் மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் தேடுவார்கள். மூத்திரக் குழாய் அடைத்திருக்கலாம், ஓரிரு நாளில் உயிர் போகும். அதற்கு வீடியோ கால் போட்டுக் காத்திருக்க வேண்டாம், கூடையை எடுங்கள். நாய் கடித்தது உங்களை என்றால் கால்நடை டாக்டருக்கே போன் வேண்டாம். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால்மணி நேரம் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது கை எப்படி வேலை செய்ய வேண்டும் என்பதைப் பார்க்கலாம். போன் போடுவதற்கு முன் ஐந்து நிமிஷம் செலவழித்தால் டாக்டரின் அரைமணி நேரம் மிச்சமாகும்.

முதலில் சூடு. மருந்துக் கடையில் கிடைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும், ஆனால் மனுஷருக்கு வைத்திருப்பதை எடுக்காதீர்கள். நுனியில் கொஞ்சம் எண்ணெய் தடவி ஆசனவாயில் சாய்வாகச் செருகுங்கள். நுனி உள்சுவரைத் தொட வேண்டும். சாணிக்குள் குத்தி நின்றால் சாணியின் சூட்டைத்தான் காட்டும். நேர் பின்னால் நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள், ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. மாட்டுக்கு 101.5 ஃபாரன்ஹீட்டை ஒட்டி இருக்கும். நாய்க்கு 101-லிருந்து 102.5 வரை. ஆட்டுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல். நம் கணக்கில் 102 காய்ச்சல், நாய்க்கு அது சாதாரணம் என்பதை நினைவில் வையுங்கள்.

அடுத்து அசை. மாட்டின் இடது பக்கம், கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். அங்கே மடக்கிய கையை அழுத்தி வைத்தால் உள்ளே வயிறு புரண்டு கையைத் தள்ளுவது தெரியும். நிமிஷத்துக்கு ஒன்று அல்லது இரண்டு தடவை தள்ள வேண்டும். ஒன்றுமே இல்லை என்றால் அது ஒரு தகவல். பள்ளமே மறைந்து மேடாகி, தட்டினால் தம்பட்டம் மாதிரி சத்தம் வந்தால் அது உப்புசம். போனை எடுத்ததும் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள்.

மடியில் சந்தேகம் என்றால் முதல் நாலைந்து பீச்சை ஒரு கறுப்புத் தட்டிலோ அடர்நிறத் துணியிலோ பீய்ச்சிப் படம் எடுங்கள். வெள்ளைப் பாத்திரத்தில் திரியும் கட்டியும் தெரியாது. சாணியைப் படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு தீப்பெட்டி வையுங்கள், அளவு தெரியும். வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். மாட்டை ஒரு தடவை முழுசாகப் பக்கவாட்டில், ஒரு தடவை பின்பக்கமாக, அப்புறம்தான் கோளாறு இருக்கும் இடம் கிட்டத்தில். முகம் கடைசி. ஏற்கெனவே கொடுத்த மருந்தின் பெயரைச் சொல்லத் தடுமாற வேண்டாம், அட்டையைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

எடை கேட்டால் பெரும்பாலோர் வாய்க்கு வந்ததைச் சொல்கிறார்கள். மருந்தளவு எடையைப் பொறுத்தது என்பதால் இது சின்ன விஷயம் இல்லை. தையல்காரர் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி எத்தனை அங்குலம், தோள்முனையிலிருந்து பின்பக்கப் புட்டத்தெலும்பு வரை நீளம் எத்தனை அங்குலம் என்று அளந்துகொள்ளுங்கள். சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ வந்துவிடும். சுற்றளவு 66, நீளம் 58 என்றால் ஏறக்குறைய 383 கிலோ. தராசு அளவுக்குத் துல்லியம் இருக்காது, ஆனால் “ஒரு முந்நூறு, நானூறு இருக்கும் சார்” என்பதைவிட எவ்வளவோ மேல்.

போனில் மருந்து எழுதலாமா? இதில் ஊருக்கு ஊர் சட்டம் வேறு. அமெரிக்காவில் டாக்டர், வளர்ப்பவர், பிராணி மூவருக்கும் இடையே ஓர் உறவு ஏற்பட்டிருந்தால்தான் சிகிச்சை என்பது அடிப்படை. அந்த உறவு நேரில் பரிசோதித்தால்தான் ஏற்படும் என்று பல மாநிலங்கள் சொல்கின்றன. கலிஃபோர்னியா 2024 ஜனவரி முதல் நேரலை வீடியோவிலும் ஏற்படுத்திக்கொள்ள விட்டது. ஆனால் அப்படி எழுதும் ஆன்டிபயாடிக் 14 நாளுக்கு மேல் கூடாது, தொடர வேண்டுமானால் பிராணியை நேரில் பார்க்க வேண்டும். பிரிட்டனில் 2023 செப்டம்பரில் வந்த விதிகளும் இதே திசைதான்: தொலைவிலிருந்து மருந்து எழுதலாம், ஆன்டிபயாடிக் என்றால் விதிவிலக்கான சமயம் தவிர நேரில் பார்த்தாக வேண்டும். இரண்டு நாடும் ஒரே மருந்தில் கையைப் பிடிப்பது தற்செயல் இல்லை. தேவையில்லாமல் போட்டால் கிருமி பழகிக்கொள்ளும். பாலில் வேறு இறங்கும். ஊசி போட்ட மாட்டின் பாலை இத்தனை நாள் சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது என்று கெடு இருப்பது அதனால்தான்.

இந்தியாவில் 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல் மனிதர்களுக்கானது, மாட்டுக்குப் பொருந்தாது. நமக்குப் பிடிமானம் 1984-ஆம் வருஷத்து இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம். பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தான் மருத்துவம் பார்க்கலாம் என்கிறது அது. அதனால் ஏதோ ஒரு செயலியில் முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் உட்கார்ந்தால் பதிவு எண்ணைக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். நான் ஒரு தடவை எங்கள் நாய்க்காகப் பணம் கட்டி ஒரு செயலியில் பேசினேன். எதிரில் இருந்தவர் கேமராவையே போடவில்லை, நாயைக் காட்டு என்றும் சொல்லவில்லை, நாலு நிமிஷத்தில் மூன்று மருந்து எழுதி முடித்துவிட்டார். வீட்டுப் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் காட்டியபோது அது வெறும் உண்ணிப் பிரச்சினை.

மருந்துக் கடையிலும் யூடியூபிலும் தானாகக் கற்றுக்கொள்ளும் வைத்தியம் இதைவிட மோசம். நமக்குப் போடும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்று போதும், ஒரு பூனையைக் கொல்ல. மாட்டுக்கு வலி என்று போட்ட டைக்ளோஃபினாக் என்ன செய்தது என்பது ஊரறிந்த கதை. அந்த மாடு செத்தபின் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டமாகச் செத்தன. 2006-இல் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள். மனிதருக்கான பெரிய பாட்டில்களை வாங்கி மாட்டுக்குப் போட்டதால் 2015-இல் 3 மில்லிக்கு மேல் ஊசிப் பாட்டிலே விற்கக் கூடாது என்றும் ஆயிற்று.

கருவிகளைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. கழுத்துப் பட்டையும் கால் பட்டையும் மாடு எவ்வளவு நடக்கிறது, எவ்வளவு நேரம் அசை போடுகிறது என்று எண்ணும். மாடு விழுங்கிவிட்டு வயிற்றிலேயே தங்கிவிடும் குளிகை மாதிரி ஒரு கருவி உள்சூட்டைச் சொல்லும். பெரிய பண்ணைக்கு இதன் முதல் லாபம் நோய் இல்லை, சினைப்பருவம். அது பன்னிரண்டிலிருந்து பதினெட்டு மணி நேரம்தான் நிற்கும், பல மாடுகள் ராத்திரியில்தான் காட்டும். பருவத்துக்கு வந்த மாடு சும்மா நிற்காது, நடந்துகொண்டே இருக்கும். அந்த நடையைக் கருவி பிடித்துவிடும். காலையில் கண்டால் சாயங்காலம் சினை ஊசி, சாயங்காலம் கண்டால் மறுநாள் காலை என்ற பழைய கணக்கு அப்படியே பொருந்தும். இரண்டு மாடு வைத்திருப்பவருக்கு இந்தச் செலவு வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அதைவிட மாட்டின் காதில் மாட்டியிருக்கும் மஞ்சள் வில்லையின் 12 இலக்க எண்ணைப் போனில் சேமித்து வையுங்கள். அந்த எண்ணில்தான் தடுப்பூசி, கருவூட்டல் விவரம் ஏறுகிறது.

அன்றைக்குக் கால்சியம் ஏறி முடிவதற்குள் சித்தியின் மாட்டுக்கு உடம்பு நடுங்க ஆரம்பித்தது. ஒரு ஏப்பம் விட்டது. சாணி போட்டது. இருபது நிமிஷத்தில் முன்னங்காலை ஊன்றி, தடுமாறி, எழுந்து நின்று கன்றைத் தேடியது. டாக்டர் கை கழுவிக்கொண்டே சுவரில் கரியால் எழுதியிருந்ததைப் படித்தார், ஒன்றும் சொல்லவில்லை.

போன மாதம் பக்கத்து மாட்டுக்கு மடி வீங்கியபோது சித்தி மறுபடியும் வீடியோ கால் போட்டார். அவர் பேச ஆரம்பிக்கும் முன்பே டாக்டர் சொன்னது எனக்குக் கேட்டது: “மாடு இருக்கட்டும்மா, மொதல்ல அந்தச் செவுத்தக் காட்டுங்க.”